கடைசியில் வரும் சைக்கிளிலிருந்து தொடங்கினோம்

குடும்பமாகச் சைக்கிளில் கிளம்பினால் எல்லோருடைய வேகத்தையும் முடிவுசெய்வது கடைசியில் வரும் சைக்கிள்தான். எங்கள் வீட்டில் அது மகளுடையது. 20 அங்குலச் சக்கரம், ஒரே கியர். கொஞ்ச தூரம் போனதும் "அம்மா, கால் வலிக்குது" என்று ஓரங்கட்டிவிடுவாள். சின்னப் பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும் என்பது வீட்டில் பொதுவான பேச்சு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மாலை முழுக்க ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சுகிற பிள்ளை, சைக்கிளில் ஏறினால் மட்டும் ஏன் சோர்ந்துபோக வேண்டும்?

வெயில் காலத்தின் தொடக்கம்தான் எங்களுக்குச் சைக்கிள் காலம். காலையில் சீக்கிரமே வெளிச்சம் வந்துவிடுகிறது, மண் காய்ந்திருக்கிறது, பிள்ளைகளுக்கும் நேரம் கிடைக்கிறது, வெயிலும் இன்னும் முழு உக்கிரத்துக்கு வரவில்லை. அதனால் வீட்டிலுள்ள எல்லாச் சைக்கிள்களையும் வெளியே இழுத்துப்போட்டு ஓவராயில் செய்துவிடுவது, அதாவது பிரித்துத் துடைத்துச் சரிசெய்து பூட்டிவிடுவது என்று முடிவானது. இந்த மாதிரி வேலை எப்போதும் பெரியவர்கள் சைக்கிளில்தான் தொடங்கும். சின்னதுக்கு வருவதற்குள் பொழுது போயிருக்கும். அதற்குக் காற்று மட்டும் அடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். இந்த முறை தலைகீழாகப் போவோம், முதலில் மகளுடையது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

வேலைக்கு முன்னால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். மகளின் சைக்கிளில் முன்பல்சக்கரத்துக்கு 36 பல், பின்னால் 18. பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். அந்தச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஆக, ஒரு பெடல் சுற்றுக்கு 3 மீட்டர் போகலாம். என்னுடையதில் முன்னால் 44, பின்னால் 18, சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். ஒரு கிலோமீட்டர் போக நான் 185 தடவை போல மிதித்தால் போதும். அவள் 333 தடவை மிதிக்க வேண்டும். நாம் பேச்சு கொடுத்துக்கொண்டு நிதானமாகப் போகும்போதுகூட பிள்ளையின் கால்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை செய்கின்றன.

எடையும் அப்படித்தான். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 12 கிலோ சைக்கிள் என்பது வெகு சாதாரணம். அதே விகிதத்தில் பார்த்தால் 65 கிலோ எடையுள்ள பெரியவர் 39 கிலோ சைக்கிளை மிதிக்க வேண்டும். நம்மில் யாரும் அதில் ஏறக்கூட மாட்டோம்.

பல்லையும் எடையையும் நம்மால் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆனால் அவற்றுக்கு மேல் வந்து ஏறிக்கொள்ளும் சுமைகளை எடுத்துவிடலாம். காற்றுக் குறைவு, உராயும் பிரேக், இறுகிய ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), காய்ந்த செயின், தாழ்ந்த சீட் எல்லாமே அந்த வகைதான். பெரியவர் சைக்கிளில் இவற்றில் ஒன்று இருந்தால் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். பிள்ளையின் சைக்கிளில் இருந்தால் அது பயணத்தையே முடித்துவிடும்.

சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால்

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மெதுவாக ஒரு சுழற்று. நல்ல சக்கரம் வெகுநேரம் சுற்றும். வேகம் குறைந்த பிறகும் சட்டென்று நிற்காது. வால்வு இருக்கும் பக்கம் பெரும்பாலும் சற்றுக் கனம் கூடியது என்பதால் அந்தப் பக்கம் கீழே வரும், கொஞ்சம் தாண்டிப்போகும், திரும்பி வரும், ஊசலாடி ஊசலாடி அடியில் வந்து நிற்கும். அந்த ஊசலாட்டம்தான் ஹப்பின் ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி.

மகளின் சக்கரம் நாலைந்து சுற்றோடு சொல்லிவைத்தாற்போல் நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "உஸ்" என்று ஒரு சத்தம் வேறு. குனிந்து காதை வைத்துக் கேட்டவள் மகள்தான். "இங்க வரும்போதுதாம்மா கத்துது" என்று வால்வுக்கு எதிர்ப்பக்கம் விரலை வைத்துக் காட்டினாள். ரிம் அந்த இடத்தில் ஒருபக்கமாக வளைந்து பிரேக் ரப்பரைத் தொட்டுப் போகிறது. சரி, இரண்டு நோய்: ரிம்மில் கோட்டம், ஹப்பில் இறுக்கம்.

பிரேக்கைத் தளர்த்திவிட்டு மறுபடி சுழற்றினோம். சத்தம் போனது, ஆனாலும் சக்கரம் சீக்கிரமே நின்றது. அச்சின் முனையை விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தால் மணலில் உருட்டுவது போலக் கரகரப்பு தெரிந்தது. சின்னச் சைக்கிள்களில் கோன், அதாவது அச்சின் இரு முனையிலும் ஹப்பை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டு, வாங்கும்போதே இறுகிப்போயிருப்பது நிறையவே நடக்கிறது. ஆட்டம் இல்லாமல் இருந்தால் போதும் என்று முடுக்கிவிடுகிறார்கள். மிதிப்பவரின் கால் பலத்தைப் பற்றிய நினைப்பு அதில் இல்லை.

ஹப்பைப் பிரிக்கும்போது கீழே ஒரு தட்டையும் பழைய துணியையும் விரித்துக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கும் பால்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) உருண்டு ஓடினால் தேடுவதற்குள் பொழுது போய்விடும். முன் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குல அளவு. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, 1/4 அங்குலம். எடுத்ததும் எண்ணி வைப்பதும், மண்ணெண்ணெயில் அலசித் துணியில் உருட்டித் துடைப்பதும் மகளின் பொறுப்பு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பளபளப்பாக இருந்தால் மறுபடி போடலாம். புள்ளிபுள்ளியாக அரித்திருந்தால் மொத்தச் செட்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. எங்களுடையவை நன்றாகவே இருந்தன. பழைய கிரீஸ்தான் கறுத்துக் கெட்டியாகிக் கிடந்தது.

கிண்ணத்தைத் துடைத்து, புதுக் கிரீஸைத் தாராளமாகப் பூசி, பால்ஸை அதில் ஒட்டவைத்து அச்சைச் செருகினோம். இனிமேல்தான் பொறுமை வேண்டும். கோனை விரலால் முடுக்கி, ஆட்டம் நிற்கும் இடத்தில் கொஞ்சமே கொஞ்சம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அது கோனை மேலும் சற்று உள்ளே தள்ளும்; அதற்கு இடம் விடுகிறோம். இறுக்கிய பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொட என்று ஆடக் கூடாது. அச்சை விரலால் உருட்டினால் கரகரக்கவும் கூடாது. இரண்டும் ஒன்றாக வாய்க்கும் இடம் ரொம்பக் குறுகியது, ஸ்பானரைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்தி நகர்த்தித்தான் அதைப் பிடிக்க முடியும். அது கிடைக்கும்வரை விடாதீர்கள். இந்த மொத்த வேலையிலும் பிள்ளையின் காலுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் உழைப்பு இதுதான்.

கோட்டம் எடுப்பது கேட்பதற்குப் பெரிய வித்தையாகத் தெரியும், சின்னக் கோட்டத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் ஃபோர்க்கில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை ரிம்மை உரசுகிற மாதிரி மாட்டினோம். அதுவே அளவுகோல். ரிம் இடப்பக்கமாக வந்து கிளிப்பைத் தட்டினால், அந்த இடத்திலுள்ள வலப்பக்க ஹப்புக்குப் போகும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். டயரைக் கழற்றிய நிலையில் ரிம்மின் வெளிப்பக்கத்திலிருந்து ஸ்குரூ டிரைவரை வைத்தால் திருகு மாதிரியே கடிகார முள் சுற்றும் திசையில் இறுகும். ஒரே கம்பியில் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று போகக் கூடாது. கொஞ்சம் திருப்பு, சுழற்று, பார், மறுபடி கொஞ்சம். ஒரு கம்பி மட்டும் மற்றவற்றைவிட ரொம்பத் தளர்ந்திருந்தால் விரலால் மீட்டினாலே தெரியும், ஓசை மந்தமாக வரும். மகள் எல்லாக் கம்பியையும் மீட்டிப் பார்த்து, அப்படிப்பட்டது ஒன்றைத் தானே கண்டுபிடித்தாள். கோட்டத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

காற்று

மகளின் பின்சக்கரத்தில் நிரப்பிய காற்று மறுநாளே பாதியாகிவிடும். பஞ்சர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் டியூபைக் கழற்றுவதற்கு முன் வால்வைப் பார்க்க வேண்டும். உலோகத் தண்டின் மேல் சின்ன ரப்பர் குழாய் போர்த்திய பழைய வகை வால்வு என்றால் சந்தேகம் முதலில் அந்த ரப்பர்மேல்தான். வால்வின் வாயில் ஒரு சொட்டு நீர் வைத்தோம். மெதுவாக ஒரு குமிழ் எழுந்து உடைந்தது, அடுத்தது எழுந்தது. அவ்வளவுதான், டியூபைத் தொடவே தேவையில்லை. தண்டை வெளியே எடுத்தால் ரப்பர் விறைத்து விரிசல் விட்டிருந்தது. புது வால்வு டியூபை நனைத்து, தண்டின் ஓட்டையை முழுக்க மூடி மேலே பட்டை வரை ஏற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. இந்தச் சின்ன ரப்பரை வெயில் காலம் தொடங்கும்போது எல்லாச் சக்கரங்களிலும் மாற்றிவிடுவது என் பழக்கம். வெப்பமும் வயதும் சேர்ந்தால் அது தாங்காது.

மகனுடைய சைக்கிளில் நிஜமாகவே பஞ்சர். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். டியூபின் வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடித் துண்டு, கம்பி. அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக இருக்கும்போது மேட்டில் ஏற்றி டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. உட்பக்கம், அதாவது ரிம் பக்கம் ஓட்டை என்றால் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. ரிம் டேப்பை மாற்றாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை. மகனுடையது வெளிப்பக்கம், ஒற்றை ஓட்டை. டியூபை டயரின் மேல் வால்வுக்கு நேராக வைத்துப் பார்த்தபோது ஓட்டைக்கு எதிரே டயரில் முள்ளின் நுனி இன்னும் பதிந்து இருந்தது. டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவ வேண்டாம், துணியைச் சுற்றிக்கொண்டு தடவுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.

ஒட்டுப் போடுவதில் அவசரம் ஆகாது. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து மினுமினுப்பு போக வேண்டும். சொல்யூஷனை ஒட்டைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக, மெல்லிசாகத் தடவ வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் போல. ஈர மினுக்கு மங்கி, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டிக்கொள்ளாத நிலை வந்த பிறகே ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். அது வெறும் பசை இல்லை. இரண்டு ரப்பரையும் வேதியியல் முறையில் பிணைக்கிற பொருள். ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் எழும்பிவிடும். மகனுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் பெரிய சோதனை. காத்திருக்கும்போது டன்லப்பின் கதையைச் சொன்னேன். 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், கெட்டி ரப்பர் சக்கரத்தில் குலுங்கிக் குலுங்கி ஓட்டிய தன் மகனின் முச்சக்கர வண்டிக்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தார். 1888-இல் காப்புரிமையும் வாங்கினார். அவருக்கு முன்பே 1840-களில் ராபர்ட் வில்லியம் தாம்சன் அதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தது பின்னால்தான் தெரியவந்தது. ஆனாலும் சைக்கிள் டயரில் காற்று வந்தது ஒரு பிள்ளையின் வண்டியிலிருந்துதான் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சேதி.

எவ்வளவு காற்று என்பதற்கு டயரின் பக்கவாட்டைப் பார்த்தால் போதும், குறைந்தபட்சமும் அதிகபட்சமும் பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த அளவில் அச்சிட்டிருக்கும். பார் கணக்கில் இருந்தால் 14.5-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். எடை குறைந்த பிள்ளைக்குக் கீழ் எல்லையை ஒட்டி வைத்தால் குலுங்கல் குறையும். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை, மானி உள்ள பம்பு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அதே இடத்தில் 47-406 என்பது போல ஒரு எண்ணும் இருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். புது டயர் வாங்கும்போது அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். "20 அங்குலம்" என்ற பெயரிலேயே 406-உம் உண்டு, 451-உம் உண்டு. ஒன்று மற்றதற்குப் பொருந்தவே பொருந்தாது.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்று மாமனாருக்குப் பயம். கணக்கு அவ்வளவு பயமுறுத்தவில்லை. 20 டிகிரியில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர் 40 டிகிரிக்குச் சூடானால் நாலு, நாலரை பிஎஸ்ஐ தான் கூடும். நல்ல டயர் அதைச் சாதாரணமாகத் தாங்கும். டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் இருந்தாலோ பக்கவாட்டு நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ அந்தச் சின்ன அழுத்தம்கூடப் போதும், வெடித்துவிடும். அதனால் காற்று அடித்த பிறகு சக்கரத்தைச் சுழற்றி, டயரின் ஓரக்கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். மற்றபடி நிழலில் நிறுத்துங்கள் என்று அவர் சொல்வது சரியே. வெயிலில் ரப்பருக்கு வயது கூடுகிறது.

செயின், பிரேக், சீட்

செயின் நீள்வதாகச் சொல்கிறோம். உண்மையில் தகடு நீள்வதில்லை. பின்களும் அவை சுழலும் இடமும் தேய்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் துளித் துளி இடைவெளி கூடிப்போகிறது. அளப்பதற்கு 12 அங்குல அளவுகோல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணிய 24-ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழும், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடைத்தூரம் அரை அங்குலம். அது 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் பல்சக்கரமும் கூடவே தேய்ந்திருக்கும். மகளுடையது அளவில் அப்படியே இருந்தது, வெளியே துரு, உள்ளே வறட்சி, அவ்வளவே.

செயின் பூட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். அந்த அழுக்கு எண்ணெயைச் செடியிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம், ஒரு டப்பாவில் தெளியவைத்தால் மேலே உள்ளதை மறுபடி பயன்படுத்தலாம். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே உள்ளதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளே. வெளியே ஒட்டியிருப்பது புழுதியைத்தான் சேர்க்கும். வெயில் காலத்துப் புழுதியில் இது இன்னும் முக்கியம். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். பூட்டைத் திரும்ப மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எங்காவது தட்டிக் கழன்றுவிடலாம். ஒற்றைக் கியர்ச் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் போல ஆட வேண்டும். செயினை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதுவும் ஒரு சுமைதான்.

பிரேக்கில் எனக்குக் கவலை தந்தது மகளின் கை. லீவரைப் பிடிக்க அவள் விரல்களை முழுக்க நீட்ட வேண்டியிருந்தது, நுனி விரல்தான் எட்டியது. அப்படியிருந்தால் பிள்ளை பிரேக்கை நம்பாது, காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தும். நிறைய லீவர்களில் கைப்பிடியை ஒட்டி ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை உள்ளே முடுக்கினால் லீவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வரும். முடுக்கியதும் கம்பியின் தொய்வையும் சரிசெய்ய வேண்டும், முழுக்க அழுத்தினாலும் லீவர் கைப்பிடியைத் தொடக் கூடாது. ரப்பர் ரிம்மின் மேல் முழுதாகப் பதிய வேண்டும், டயரை உரசக் கூடாது. மேற்பரப்பு விறைத்துப் பளபளத்திருந்ததால் உப்புத்தாளில் தேய்த்தோம். ரிம்மில் எண்ணெய்க் கை பட்டிருக்கும் என்பதால் கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டோம். செயின் வேலை முடிந்த பிறகே பிரேக் வேலை என்று வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அப்புறம் சீட். ஓட்டப் பழகும்போது இரண்டு பாதமும் தரையில் படும்படி தாழ்த்தி வைக்கிறோம், அது சரி. ஆனால் நன்றாக ஓட்டத் தெரிந்த பிறகும் அதே உயரத்தில் விட்டால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மார்புப் பக்கம் மடங்கி எழும், தொடை வலிக்கும். மகளின் கால்வலிக்குப் பாதிக் காரணம் இதுவே என்று இப்போதும் நம்புகிறேன். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு வரும். ஒரேயடியாக ஏற்றினால் பிள்ளை மிரண்டுவிடும் என்று ஒரு சென்டிமீட்டர் ஏற்றி, ஓட்டவிட்டு, மறுபடி ஏற்றினோம். சீட் தண்டில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரிகிற அளவுக்கு எந்தக் காரணத்துக்காகவும் உயர்த்தக் கூடாது.

மகனுக்கு அந்தக் கோடே எட்டிவிட்டது. அவன் இனி என் சைக்கிளை எடுத்துக்கொள்ளட்டும், அவனுடையது அப்படியே தங்கைக்குக் காத்திருக்கட்டும் என்று பேசி முடித்தோம். அவனுடையதில் கியர்க் கம்பியை மட்டும் மாற்றி, துடைத்து வைத்தாயிற்று.

மாமனாரின் ரோட்ஸ்டர்

இந்தப் பழைய பாணிக் கனத்த சைக்கிளை அவர் யாரையும் தொடவிட மாட்டார். பிரேக்குக்குக் கம்பிக் கயிறு எதுவும் கிடையாது, லீவரிலிருந்து இரும்புக் கம்பிகளே இணைந்து இணைந்து போய் பிரேக் கட்டையை ரிம்மின் உள்வட்டத்தில் அழுத்தும். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. மகன் எண்ணிப் பார்த்துவிட்டு ஏன் இப்படி என்று கேட்டான். "பாரம் எல்லாம் பின்னாடிதானேப்பா உக்காருது" என்றார் அவர். மிதிக்கும் விசையும் பின்சக்கரம் வழியாகத்தான் போகிறது.

பெடல் மாற்றும்போது பேரனைத்தான் கூப்பிட்டார். வலப்பக்கப் பெடல் சாதாரணத் திருகு. இடப்பக்கத்தில் மகன் தம் கட்டித் திருப்பியும் அசையவில்லை. "மறுபக்கம் திருப்பு" என்றார் தாத்தா. இடப் பெடலில் மரை எதிர்த் திசையில் வெட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், மிதிக்க மிதிக்க இடப்பக்கம் தானாகக் கழன்றுகொண்டே வரும். அவன் ஸ்பானரை மாற்றிப் பிடித்துத் திருப்பியதும் "கிறீச்" என்று விட்டுக்கொடுத்தது. மரையில் கிரீஸ் தடவி, முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே ஏற்றச் சொன்னார். நேராக ஏறுகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு.

வெளியே

எல்லாம் முடிந்து மகளின் முன்சக்கரத்தை மறுபடி தூக்கிச் சுழற்றினோம். இந்த முறை வால்வு அடியில் வந்து, தாண்டி, திரும்பி, நிதானமாக ஊசலாடியது. அவள் அதை மறுபடி மறுபடி செய்துகொண்டிருந்தாள். அதன் பிறகு போன பயணங்களில் கால்வலி என்ற பேச்சு வரவில்லை. வேகம் கூடிவிடவில்லை, கூடவும் முடியாது, பல்லின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவள் நடுநடுவே மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டு வருகிறாள். முன்பெல்லாம் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளே நின்றுவிடும்.

போகும் வரிசையையும் அவளை வைத்தே அமைத்தோம். முன்னால் மாமனார், அவருக்குப் பின்னால் மகள், பிறகு மகன், கடைசியில் நான். முன்னால் போகிறவருக்கு ஒரே வேலைதான், பின்னால் வரும் பெடல் சத்தத்துக்கு ஏற்ப வேகத்தை வைத்துக்கொள்வது. திரும்பி வரும் தூரமும் தூரம்தான் என்பதைப் பிள்ளைகள் யோசிப்பதில்லை. அதனால் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையைத் தேர்ந்தெடுக்கிறோம். களைப்பு ஏறும் நேரத்தில் காற்று தள்ளிக்கொண்டு வருவது பெரிய உதவி. கிளம்புவது விடிந்ததும். புற ஊதாக் கதிர் நடுப்பகலை ஒட்டிய மணிகளில்தான் உச்சத்தில் இருக்கும். பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட்டால் வெயிலின் தொந்தரவு குறைவு. தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடாமல் கால் மணிக்கு ஒருமுறை நிறுத்திக் குடிக்கவைக்கிறோம். ஹெல்மெட்டைப் பிள்ளைகள் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள், நெற்றி வெளியே தெரியும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். மோவாய்க்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல்.

சீட்டுக்குக் கீழே கட்டிய பையில் உப்புத்தாள் துண்டு, சொல்யூஷன், ஒட்டு, இரண்டு டயர் லீவர், வால்வு டியூப் கொஞ்சம், ஒரு ஸ்பானர் இருக்கும். கைப்பம்பு மகனின் பொறுப்பு. 20 அங்குல டியூப் ஒன்று மடித்து வைத்திருக்கிறோம், பெரிய சக்கரத்துக்கு எதுவும் எடுத்துப்போவதில்லை. நாங்கள் நடந்து வந்துவிடலாம்.

பாக்கி இருப்பது ரோட்ஸ்டரின் காட்டர் பின், அதாவது பெடல் தாங்கும் கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு. இடக் கிராங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று ஒரு அடி கேட்கிறது, பின்னின் சரிவுப் பக்கம் தேய்ந்துவிட்டது. தட்டி எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் அடித்தால் உள்ளே அச்சின் பால்ஸ் கிண்ணத்தில் பள்ளம் விழும் என்று மாமனார் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏற்ற கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைத் தேடி வைத்திருக்கிறார். புதுப் பின்னைச் செருகும்போது இரண்டு பின்களின் சரிவுகளும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது. ஓரத்தை அரத்தால் ராவிப் பொருத்துவது பேரனுடைய வேலை என்று இப்போதே ஒப்பந்தமாகிவிட்டது.